குப்பைக் கூடையும் கொழுந்துக் கூடையும்

வட இங்கிலாந்திலுள்ள நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஹட்டன் கலைக்கூடம் என்று ஒரு கூடம் இருக்கிறது. அதன் உள்ளே பல தொன் எடையுள்ள கற்சுவர் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது கோட்டைச் சுவருமன்று, கோயிற் சுவருமன்று. மலைச்சாரலில் இருந்த ஒரு கொட்டிலின் சுவர். சாந்து பூசிய அதன் மேனியில் பூவாளியின் வாயும், இரப்பர்ப் பந்தும், படச்சட்டத்தின் துண்டும், கல்லும், சுள்ளியும் பதிந்து கிடக்கின்றன. அவற்றைப் பதித்தவர் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஜேர்மானியக் கலைஞர். பதித்த ஆண்டு 1947. கொட்டிலில் நின்றால் சுவர் அழிந்துபோகும் என்று அஞ்சி, 1965ஆம் ஆண்டில் அதனை அப்படியே பெயர்த்தெடுத்து நியூகாசிலுக்குக் கொண்டுவந்தனர்.

நமது மத்திய மலைநாட்டிலும் ஒரு ஹட்டன் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில், நாற்புறமும் தேயிலைத் தோட்டம் சூழ்ந்த அந்நகரத்தை நேயர்கள் நன்கு அறிவர். கலைக்கூடத்தின் பெயர், அங்கே ஓவியம் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் பெயர். நகரத்தின் பெயரோ ஸ்கொட்லாந்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் உறவு கிடையாது. ஆனால் நம் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் என்னும் கலைஞர், தேநீர் வடிகளையும் தேயிலைப் பைகளையும் தேநீர்க் கறையையும் கொண்டு ஆக்கும் படைப்புகளைக் கண்டவர் எவரும், பிறகு அந்த ஹட்டனில் நிற்கும் சுவரைக் காண நேர்ந்தால், பெயரைக் கடந்த ஓர் உறவை உணராமல் இருக்கமாட்டார்.

அந்த உறவு எத்தகையது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக் கொள்வது நலம். ஒரு கலைஞரின் செல்வாக்கு மற்றொருவரிடம் இருவகையாக வந்து சேரும். ஆசிரியர் எழுதிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாணவர் எழுதுவது ஒரு வகை. முன்னவர் வெட்டிய பாதையிலே, வெட்டியவர் யாரென்று கேளாமலே பின்னவர் பலரும் நடந்து செல்வது மற்றொரு வகை. மலைநாட்டு ஒற்றையடிப் பாதையை முதலில் மிதித்தவன் பெயர் யாருக்குத் தெரியும்? ஆயினும் நாள்தோறும் கொழுந்துக்குப் போகிறவர்கள் அந்தப் பாதையிலேதான் போகிறார்கள். ஷ்விட்டர்ஸுக்கும் மலைநாட்டுக் கலைஞருக்கும் இடையே இங்குக் காட்ட முயலும் உறவு இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தது.

ஷ்விட்டர்ஸ் 1887இல் ஹனோவர் நகரில் பிறந்தவர். டிரெஸ்டன் நகரக் கலைக்கழகத்தில் முறையாக ஓவியம் பயின்றவர். மனிதர் முகத்தையும் மலைக்காட்சியையும் மரபு வழுவாமல் எழுத அவருக்குக் கைத்திறன் இருந்தது. பிற்காலத்தில் வயிறு வளர்க்க அதையே நம்பியிருந்தார் என்பதையும் மறக்கலாகாது. அப்படிப்பட்டவர் வண்ணத்தை ஒதுக்கிவிட்டுக் குப்பையைப் பொறுக்கியது ஏன்? முதல் உலகப் போரில் ஜேர்மனி தோற்றது. பேரரசு கவிழ்ந்தது. வீதியெங்கும் கிழிந்த விளம்பரங்களும், பயன்படுத்தி எறிந்த டிராம் வண்டிச் சீட்டுகளும், கம்பித் துண்டுகளும், பெட்டிப் பலகைகளும் கிடந்தன. உடைந்துபோன ஒரு நாட்டை உடையாத பொருளால் எழுதுவது பொய்யாகும் என்று அவருக்குத் தோன்றியது போலும். கிடந்தவற்றை எடுத்து ஒட்டினார், ஆணியடித்தார், சேர்ந்தவற்றை ஓவியம் என்று சுவரில் மாட்டினார்.

1919ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு படத்தில், வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்து கத்தரித்த தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாணிபம் என்று பொருள்படும் 'கொம்மெர்ஸ்' என்னும் சொல்லின் முற்பகுதி வெட்டுப்பட்டுப் போக, 'மெர்ஸ்' என்ற பிற்பகுதி மட்டும் எஞ்சி நின்றது. பொருளற்ற அந்த அரைச் சொல்லையே தம் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். இதை வேடிக்கை என்று தள்ளிவிடுதல் தகாது. வாணிபம் தின்று துப்பியதைக் கலை எடுத்துக்கொள்கிறது என்னும் கருத்து முழுவதும் அந்தப் பெயரில் அடங்கிக் கிடக்கிறது. தேயிலையைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் மீண்டும் நமக்கு உதவும்.

தாளைக் கத்தரித்து ஒட்டும் முறை அவர் கண்டுபிடித்ததன்று. 1912இலேயே பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டைத் தம் ஓவியத்தில் ஒட்டியிருந்தார். ஆனால் பிக்காசோவுக்கு அந்தத் துணி ஓவியத்தின் ஒரு பகுதி. ஷ்விட்டர்ஸுக்கோ ஒட்டப்பட்டதே ஓவியம். தட்டையான தாளோடு நில்லாமல், சக்கரம், கட்டை, கம்பி என்று கனமுள்ள பொருள்களையும் அவர் சேர்த்தார். இவ்வாறு பல பொருள்களைச் சேர்த்து ஒன்றாக்கும் முறையைப் பிற்காலத்தார் 'அசெம்பிளாஜ்' என்றனர். பிரெஞ்சுக் கலைஞர் டுபுஃபே 1953இல் தம் படைப்புகளுக்கு இட்ட பெயர் அது. தமிழில் பொருட்சேர்க்கைக் கலை என்று சொன்னால் போதும். சேர்க்கை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிற்பி கல்லைச் செதுக்கும்போது வேண்டாததை நீக்குகிறான். இவனோ பிறர் வேண்டாமென்று நீக்கியதைச் சேர்க்கிறான்.

ஹனோவரிலிருந்த தம் வீட்டின் அறைகளையே 1923ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகளாக இம்முறையில் அவர் மாற்றி அமைத்துவந்தார். குகைபோல் வளர்ந்து மாடிவரை ஏறிய அந்த ஆக்கத்தை 1943இல் விழுந்த வானூர்திக் குண்டு அழித்தது. அவர் அப்போது அங்கில்லை. ஹிட்லரின் ஆட்சி அவருடைய கலையை இழிந்த கலையென்று பழித்தது. 1937இல் நோர்வேக்குத் தப்பினார். 1940இல் ஜேர்மானியப் படை நோர்வேக்குள் நுழையவே, அங்கிருந்து ஸ்கொட்லாந்துக்கு ஓடினார். பிரித்தானிய அரசு அவரைப் பகைநாட்டுக் குடிமகன் என்று பிடித்து மான் தீவின் முகாமொன்றில் அடைத்தது. ஏறத்தாழ பதினாறு மாதம் அங்கிருந்தார். வண்ணமும் தூரிகையும் கிடைப்பது அரிதாக இருந்த அம்முகாமில், தரையில் விரித்திருந்த மெழுகுவிரிப்பைக் கிழித்து அதன்மேல் எழுதியோர் உண்டு. ஷ்விட்டர்ஸ் ஒருபடி மேலே போய், காலையுணவாகக் கிடைத்த ஓட்ஸ் கஞ்சியின் மிச்சத்தைச் சேர்த்துச் சிலை செய்தார். அது பூஞ்சணம் பிடித்து நாறிற்று என்று உடனிருந்தோர் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கத்தக்க செய்திதான். ஆனால் வேறொன்றும் தரப்படாத மனிதன் தனக்குத் தரப்பட்ட ஒன்றைக் கொண்டே தன்னைக் கலைஞன் என்று நிலைநாட்டிக் கொண்ட செய்தியும் அதுவே.

விடுதலையான பின் சில ஆண்டு லண்டனில் வறுமையில் கழித்துவிட்டு, 1945இல் ஏரி மாவட்டத்து ஆம்பிள்சைடுக்குப் போய்ச் சேர்ந்தார். மழையும் மூடுபனியும் மாறாத மலைநாடு அது. நுவரெலியாவுக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் எந்த நாட்டை நினைத்து இங்கே வீடு கட்டினார்களோ அந்த நாட்டின் சாயல் அங்கே இருக்கிறது. அங்குள்ள எல்டர்வாட்டர் என்னும் ஊர்க் கொட்டிலிலேதான் தொடக்கத்தில் சொன்ன சுவரை அவர் ஆக்கினார். கொட்டில் முழுவதையும் மாற்ற எண்ணியவருக்கு ஒரு சுவருக்கு மேல் ஆயுள் இல்லை. பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்டது என்ற கடிதம் 1948 சனவரி 7ஆம் நாள் வந்தது. மறுநாள் அவர் இறந்தார்.

அவர் வெட்டிய பாதை அவரோடு முடியவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ரவுஷன்பர்க் என்னும் இளைஞர், ஷ்விட்டர்ஸின் ஒட்டுப்படங்களைக் கண்டு பெரிதும் ஈர்க்கப்பட்டார். 1955இல் அவர் தம் போர்வையையும் தலையணையையும் சட்டத்தில் பூட்டி, அவற்றின்மேல் வண்ணத்தை வழியவிட்டுச் சுவரில் நிறுத்தினார். 1961இல் நியூயார்க்கின் நவீன கலை அரும்பொருளகம் பொருட்சேர்க்கைக் கலைக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி நடத்திற்று. ஷ்விட்டர்ஸ் அதில் முன்னோருள் ஒருவராக வைக்கப்பட்டார். அதன் பின் இம்முறை உலகக் கலைக்கல்லூரிகளின் பாடத்தில் ஏறியது. ரவுஷன்பர்க் 1975இல் அகமதாபாத்துக்கு வந்து, காந்தியடிகளின் ஆச்சிரமத்தைச் சார்ந்த காகித ஆலையில், மூங்கிலும் துணியும் மண்ணும் கொண்டு பணி செய்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இலங்கையில் இம்முறை வேரூன்றியதற்குப் போரே காரணமாயிற்று. 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழுவினர்' நவீன ஓவியத்தை இந்நாட்டில் நிலைநிறுத்தியவர்கள். எனினும் அவர்கள் பெரும்பாலும் தூரிகைக்காரர்கள். கிடைத்த பொருளையே கலையாக்கும் துணிவு 1990களில் வந்தது. சந்திரகுப்த தேனுவர, கொழும்பு வீதிகளில் காவலரண்களுக்காக வைக்கப்பட்ட தார்ப் பீப்பாய்களை 1997இல் தம் கலைக்குப் பொருளாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன், போர்க்காலத்தில் மக்கள் காத்துவைத்த சின்னஞ்சிறு பொருள்களை வீடு வீடாகத் திரட்டி, 2004இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் காட்சிக்கு வைத்தார். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகம் அது. அங்கே வைக்கப்பட்ட பழைய பொருளொன்று என்ன பேசும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்திலேதான் ஹனுஷா சோமசுந்தரமும் கலை பயின்றார்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். பொருட்சேர்க்கை என்னும் பெயர் புதியதாயினும் செயல் அங்கே புதியதன்று. லயத்துக் காம்பராவின் சுவரைப் பார்த்தவர் இதை ஒப்புவர். 10 அடிக்கு 12 அடியளவான ஓர் அறையிலே, காற்றுப் புகும் இடுக்கை அடைக்கவும் கரி படிந்த சுவரை மறைக்கவும் பழைய செய்தித்தாள்களை ஒட்டுவார்கள். அதன்மேல் நாட்காட்டியிலிருந்து கிழித்த முருகன் படம். அதனருகே திரைப்பட நடிகரின் முகம். அதனடியில் ஊருக்குப் போய்விட்ட உறவினரின் நிழற்படம். தேயிலை ஏற்றுமதிக்கு வந்த பலகைப் பெட்டி, காலம் முடிந்தபின் சாமான் தட்டாகும். சாக்கு, இடுப்பிற் கட்டும் படங்காகும். போத்தல், விளக்காகும். ஷ்விட்டர்ஸ் ஹனோவர் வீட்டில் ஆண்டுக்கணக்காகச் செய்ததை, இவர்கள் கலையென்ற நினைவில்லாமல் தலைமுறைக்கணக்காகச் செய்துவந்தார்கள்.

'துண்டு' என்ற சொல்லையும் இங்கே நோக்க வேண்டும். ஷ்விட்டர்ஸ் சேர்த்தவை எல்லாம் துண்டுகளே: சீட்டுத் துண்டு, தாள் துண்டு, தகரத் துண்டு. மலைநாட்டு வரலாற்றிலோ துண்டு என்பது அச்சத்துக்குரிய சொல். ஒரு தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டிருக்கிறான், அதைத் தீர்த்தால் அவனை விட்டுவிடலாம் என்று தோட்ட நிருவாகம் எழுதிக்கொடுத்த காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். அந்தக் காகிதத்தோடு கடனும் ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து புறப்பட்டவர்களின் கையில் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்றும் கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதை அந்த இலக்கம் சொல்லும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அவர்கள் தலையிலே கடனாக இறங்கும். ஹனோவரில் டிராம் சீட்டை மனிதன் எறிந்தான், கலைஞன் பொறுக்கினான். இங்கே சீட்டு மனிதனோடு ஒட்டிக்கொண்டு அவனை விடாமல் இருந்தது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான், மேனாட்டு முறை மலைநாட்டில் ஏன் வேறு குரலிற் பேசுகிறது என்பது விளங்கும்.

ஹனுஷாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். தேநீர் வடியின் தொழில் யாது? சாற்றை விடும், சக்கையைப் பிடிக்கும். குடிப்பவர் கோப்பைக்குச் சாறு போகிறது. வலையில் தங்கியது குப்பைக்குப் போகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்து உழைப்பு வடிக்கப்பட்ட விதம் அந்த வட்டக் கம்பிவலைக்குள் அடங்கியிருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர் இன்னொன்றையும் காண்பர். வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, சூட்டில் உலர்த்திய தேயிலை கடைசியில் சல்லடைகளின் மேல் ஏறுகிறது. பருமனுக்கேற்பத் தரம் பிரிக்கும் இடம் அது. நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகச் சுருங்கி, அங்கே பல பெயர் பெற்றுப் பிரிகிறது. கொய்தவளின் நாளும் இவ்வாறே அளக்கப்படுகிறது: விதித்த நிறை வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். வடியைக் கலைப்பொருளாக்கும்போது, அளத்தலும் பிரித்தலும் கழித்தலும் ஆகிய இத்தனையும் அதனோடு வந்துவிடுகின்றன. ஷ்விட்டர்ஸின் டிராம் சீட்டுக்கு இத்தனை நினைவு கிடையாது. அவர் அதன் நிறத்துக்காகவும் வடிவுக்காகவும் அதனை எடுத்தார். பழைய பொருளைப் புதிய உறவில் வைத்து அதன் பழமையை மறக்கச் செய்வதே பெரும்பாலும் அவர் நோக்கம். மலைநாட்டுக் கலைஞர் அதே செயலைச் செய்கிறார், நோக்கமோ நேர்மாறானது. பொருள் தன் பழமையை மறக்கலாகாது என்பதற்காகவே அவர் அதை எடுக்கிறார்.

தேயிலைப் பை இன்னும் நுட்பமானது. நீரில் நனைந்தும் கிழியாத நார்த்தாளால் ஆன சிறு உறை அது. இரண்டு கிராம் அளவு தூளைக் கொள்ளும். லயத்தில் இதற்கு வேலையில்லை. அங்கே கேத்தலில் தூளைப் போட்டுக் காய்ச்சிய வெறுந்தேநீர்தான் விடியற்காலைப் பிரட்டுக்குப் போகுமுன் வயிற்றுக்கு ஆதாரம். பை என்பது விருந்தாளிக்கும் விடுதிக்கும் வெளிநாட்டுக்கும் உரியது. கொழுந்து கொய்கிறவள் தன் வாழ்நாளில் பெரும்பாலும் கையாலும் தொடாத அந்த வடிவிலேதான் அவள் உழைப்பு உலகைச் சுற்றுகிறது. குடித்து எறிந்த பையை எடுத்து, உலர்த்தி, அதைத் தாளாகக் கொள்ளும்போது, வாணிபம் எறிந்த அரைச் சொல்லை ஷ்விட்டர்ஸ் எடுத்ததுபோலவே ஆகிறது. வேறுபாடு ஒன்றே. அந்த வாணிபத்தில் ஷ்விட்டர்ஸ் விளம்பரம் வரைந்து கொடுக்கும் தொழிலும் செய்தவர். ஹனோவரின் மை உற்பத்தியாளர்களுக்கு அவர் விளம்பரம் அமைத்திருக்கிறார். மலைநாட்டுப் பெண்களோ விளம்பரத்தின் உள்ளே அகப்பட்டவர்கள். கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே தேயிலைத் தகரங்களிலும் சுவரொட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் உலகெங்கும் போயிருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி அவளை எவரும் கேட்டதில்லை. இன்று அதே வாணிபத்தின் பையைக் கொண்டு அவ்வூர்ப் பெண் ஒருவர் தாமே ஒரு படைப்பை ஆக்கும்போது, நெடுங்காலம் நின்றுபோயிருந்த மறுமொழி வருகிறது.

மூன்றாவது, கறை. கொழுந்து கொய்பவரின் விரலைப் பார்த்திருப்பவர் கறையைப் பற்றிப் பேச வேறு சான்று தேடமாட்டார். கொழுந்தின் சாறு காற்றுப் பட்டுக் கறுத்து, விரல் வெடிப்புகளில் இறங்கி, சோப்புக்கும் சாம்பலுக்கும் போகாமல் நிற்கும். கோப்பையில் பொன்னிறமாக இருப்பதும் விரலில் கருநிறமாக இருப்பதும் ஒரே இலையின் சாறுதான். ஓவியர் தேநீர்க் கறையை வண்ணமாக வைக்கும்போது அது உவமையன்று, அதே பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். தேநீர்க் கறை அழகானது. பழுப்பும் செம்மையும் கலந்து, ஓரத்தில் இருண்டு, நடுவில் தெளிந்து படியும் அதன் அழகில் மயங்கி, துன்பத்தை அலங்காரமாக்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. வடியும் பையும் கறையும் எளிதிற் கிடைப்பவை. இன்று பிற நாடுகளிலும் தேயிலைப் பையின்மேல் சின்னஞ்சிறு பூவும் பறவையும் எழுதுவோர் இருக்கிறார்கள். அது கைவினை, அதிற் குற்றமில்லை. ஆனால் மலைநாட்டுப் பொருட்சேர்க்கையின் வலிமை பொருளின் அழகிலே இல்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு அது போயிற்று என்னும் கணக்கிலே இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியும்படி வைக்கப்பட்ட படைப்பு நம்மை நிறுத்துகிறது; கணக்கு மறைந்த படைப்பு வரவேற்பறைக்கு நன்றாக இருக்கிறது. ஷ்விட்டர்ஸைப் பின்பற்றிய மேனாட்டார் பலர் இரண்டாவது வழியில் வழுக்கினர் என்பதையும் கலைவரலாறு அறியும்.

1948ஆம் ஆண்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தம்மை ஏற்றுக்கொண்டோம் என்று ஒரு நாடு அனுப்பிய காகிதத்தைச் சனவரியிற் பெற்று ஷ்விட்டர்ஸ் கண்மூடினார். அதே ஆண்டிலே, விடுதலை பெற்ற இலங்கை தன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குக் காகிதம் காட்டு என்று அது கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம் அந்தக் காகிதம் ஏது? ஏறத்தாழ 7 இலட்சம் மலைநாட்டுத் தமிழர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்பாடு வந்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்கு முற்றும் தீரவில்லை. காகிதத் துண்டு ஒன்று மனிதனை ஆக்கவும் அழிக்கவும் கூடும் என்பதை ஷ்விட்டர்ஸ் தம் வாழ்நாளின் கடைசிப் பத்தாண்டில் கற்றார். மலைநாட்டார் அதை அறிந்தே பிறந்தார்கள். ஆகவே அங்கிருந்து வரும் கலைஞர் ஒருவர் தாளையும் துண்டையும் கையில் எடுக்கும்போது, அவர் மேனாட்டு நாகரிகத்தைப் பழகிப் பார்க்கிறார் என்று சொல்வது பொருந்தாது. அந்த முறை வந்து சேருமுன்பே அதற்குரிய பொருள் அங்கே குவிந்து கிடந்தது.

அப்படியானால் ஷ்விட்டர்ஸிடமிருந்து வந்தது என்ன என்று கேட்கலாம். வந்தது ஓர் உரிமை. லயத்துச் சுவரில் செய்தித்தாளை ஒட்டிய கைக்கு, தான் செய்வது கலை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடையாது. ஓவியம் என்றால் கித்தானும் எண்ணெய் வண்ணமும் என்றே பள்ளிக்கூடம் சொல்லிற்று. ஹனோவரில் ஒருவர் குப்பைத் துண்டைச் சட்டத்துக்குள் வைத்து, உலகமும் அதை ஓவியம் என்று ஏற்றுக்கொண்ட பின்பே, ஹட்டனில் ஒரு பெண் அடுப்பங்கரை வடியைக் கையில் எடுத்து, இதுவே என் ஊடகம் என்று சொல்ல வழி பிறந்தது. கொடுத்தவர் அறியாமலே கொடுத்த கடன் இது. தோட்டத்துத் துண்டைப் போல இதற்கு வட்டியில்லை.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. அது கலைஞரை நோக்கியதன்று. இத்தகைய படைப்புகள் கொழும்பின் கலைக்கூடங்களிலும் வெளிநாட்டுக் கண்காட்சிகளிலும் வைக்கப்படுகின்றன. பார்ப்போரும் வாங்குவோரும் பெரும்பாலும் தேநீர் குடிக்கும் பக்கத்தார்; கொய்யும் பக்கத்தார் அல்லர். ஹட்டனிலோ டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு தாய் அந்த வடிகளைப் பார்க்கப் போவதற்குக் கொழும்புப் பயணமும் ஒருநாட் பேரும் செலவாகும். மலைநாட்டுக்குள்ளேயே இதற்கொரு முன்மாதிரி இல்லாமலில்லை. கம்பளையை அடுத்த ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயத்துக் காம்பராக்களையே 2007இல் தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகமாக மாற்றினார்கள். அடுக்களைச் சாமானும் தொழிற்கருவியும் பழைய பத்திரங்களும் அங்கே அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஷ்விட்டர்ஸின் சுவரைக் காப்பாற்றப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த லயத்துச் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கதவும் திறந்திருக்கிறது.